இரட்டை மேற்கோளை விடாதீர்கள்

மட்டக்களப்பில் போட்டோ ஸ்டூடியோவோ கடைக் கணக்கோ, யாருடைய கணினியைத் திறந்தாலும் கோப்புப் பெயர் "கல்லடி பாலம்" என்று இடைவெளி விட்டுத்தான் இருக்கும். நமக்கு அது ஒரே பெயர். கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பாஷ் ஷெல் ஸ்கிரிப்டில், அந்தப் பெயரை வைத்திருக்கும் மாறியை டொலர் குறியோடு வெறுமனே எழுதினால் அது இரண்டு பெயர். இடைவெளி வந்த இடத்தில் ஷெல் வெட்டிவிடும்.

நகலெடுக்கும் கட்டளை என்றால் பரவாயில்லை, பெரும்பாலும் அப்படியொரு கோப்பே இல்லை என்று முறைத்துவிட்டு நிற்கும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை என்றால்? "பாலம்" என்று வேறொரு கோப்பு அங்கே இருந்தால் அது அழிந்துவிடும். குப்பைத் தொட்டியிலும் தேட முடியாது.

டொலர் குறியையும் மாறியையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். ஒற்றை மேற்கோள் சரிவராது, அதற்குள் டொலர் வெறும் எழுத்துத்தான். மெக் கணினிகளில் 2019 முதல் இயல்பாக வரும் இசட்ஷெல் என்ற வேறொரு ஷெல் இப்படி வெட்டாது. அங்கே ஒழுங்காக ஓடியது லினக்ஸில் சொதப்ப இதுவும் ஒரு காரணம்.

அழிக்கிற ஸ்கிரிப்ட் என்றால், ஆர்எம்முக்கு முன்னால் எக்கோ சேர்த்து (அப்போது அழிக்காமல் வரியை அச்சிட மட்டும் செய்யும்), பாஷ் மைனஸ் எக்ஸ் என்று ஓட்டிப் பாருங்கள். ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அது கூட்டல் குறியோடு காட்டும். அந்த வரியில் முழுப் பெயரையும் சுற்றி ஒற்றை மேற்கோள் தெரிந்தால் சரி. எக்கோ அச்சிடும் வரியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது.