கூகுள் காட்டாத வலைப்பூக்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள். 'சிறந்த தமிழ் வலைப்பதிவுகள்' என்று கூகுளில் அடிக்காதீர்கள். வருவதெல்லாம் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிய பட்டியல்கள்தான், அதில் பாதி செய்தித் தளம், மீதி ராசிபலன். வேலை பார்த்த வங்கிக் கிளையைப் பற்றியோ, ஊர்க் குளத்துக்கு வரும் நாரைகளைப் பற்றியோ தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார், ஏனென்றால் அவர் தேடுபொறிக்காக எழுதியதில்லை, தலைப்பே 'சும்மா' என்றோ 'ஹிஹி' என்றோதான் இருக்கும். அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் பொருளைத் தேடிப் பயனில்லை, அவர் பேசும் பேச்சைத் தேட வேண்டும்.

தமிழ்ப் பதிவர்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. பதிவின் கடைசியில் 'டிஸ்கி' என்று ஒன்று போடுவார்கள், பொறுப்புத் துறப்பு மாதிரி, பெரும்பாலும் அதில்தான் நல்ல நக்கல் இருக்கும். மனைவி என்றால் தங்கமணி, கணவன் என்றால் ரங்கமணி. முதல் பின்னூட்டம் போடுகிறவர் 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று கத்திவிட்டுத்தான் பதிவையே படிப்பார். இந்தச் சொற்களை நாளிதழோ, விளம்பரத்துக்காகக் கட்டுரை சமைக்கிற தளமோ எழுதாது. ஆகவே 'ஊட்டி பயணம்' என்று தேடுவதற்குப் பதிலாக 'ஊட்டி தங்கமணி டிஸ்கி' என்று தேடிப் பாருங்கள். ஓட்டல் விளம்பரங்கள் எல்லாம் ஒதுங்கி, குடும்பத்தோடு போய் மழையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் வந்து நிற்பார். இன்னும் வடிகட்ட, ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று சேர்த்துவிடுங்கள், அப்போது அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அடுத்து வேர்ட்பிரஸ் டாட் காமுக்கும் இதையே செய்யுங்கள். 'பிஃபோர்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளிக்குப் பின் 2012 என்று போட்டால் அதற்கு முந்தைய பக்கங்கள் மட்டும் வரும். தேதிக் கணக்கில் கூகுள் அவ்வப்போது தடுமாறும், இருந்தாலும் குப்பை நிறையக் குறைகிறது.

ஊருக்கு ஊர் எழுத்தும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். கனடாவில் இருக்கும் ஈழத்தவர்களின் எழுத்தை 'டொராண்டோ' என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும், 'ரொரன்ரோ' என்று அடித்தால்தான் கதவு திறக்கும், அப்படித்தான் அவர்கள் எழுதுகிறார்கள். 'பெடியள்', 'கதைச்சது' போன்ற சொற்களைச் சேர்த்தால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட நினைவுகள் வரிசையாக வரும். இலங்கை மலையகத்துக்கு 'லயம்', 'கொழுந்து'. சிங்கப்பூர் என்றால் 'வீவக' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு. மலேசியா என்றால் 'பால்மரம்', 'தோட்டப்புறம்'. வாசிப்பில் ரகம் வேண்டும் என்கிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களின் சினிமா விமர்சனத்திலேயே வண்டி நின்றுவிடும்.

தேடல் ஒரு நல்ல பதிவில் கொண்டுபோய் விட்டதா? சரி, இனி கூகுளை மூடிவிடலாம். மனிதர் வழியாக மனிதரைப் பிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை.

பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். 'நான் வாசிப்பவை', 'நண்பர்கள்', 'அடிக்கடி போகுமிடம்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு பட்டியல் இருக்கும். பிளாக்கரில் (பிளாக்ஸ்பாட் முகவரி தரும் கூகுள் சேவை) இந்தப் பட்டியலைக் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டதை மேலே வைத்துக் காட்டும்படி அமைக்கலாம், பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் பதிவர் எழுதுவதை நிறுத்தியே பத்து வருஷம் ஆகியிருந்தாலும் அவர் வலைப்பூவின் ஓரத்தில் '2 நாட்களுக்கு முன்' என்று இன்னொருவர் உயிரோடு தெரிவார். கைபேசியில் பார்த்தால் இந்த ஓரம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அடியில் 'வலையில் காட்டு' என்கிற மாதிரி ஓர் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள், அல்லது உலாவியில் டெஸ்க்டாப் தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓரத்தைவிட வளமான இடம் பின்னூட்டப் பகுதி. பிளாக்கரில் பின்னூட்டம் போட்டவரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய சுயவிவரப் பக்கம் திறக்கும், அதில் அவர் எழுதும் வலைப்பூக்கள் இருக்கும், அவர் மறைக்காமல் விட்டிருந்தால் பின்தொடர்பவையும் இருக்கும். 'அருமை', 'பகிர்வுக்கு நன்றி' என்று ஒற்றை வரியில் போனவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் மொய் எழுத வந்தவர்கள். பதிவர் சொன்னதை மறுத்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் சொல்லி நாலு பத்தி எழுதியிருக்கிறாரே, அவர் பெயரைச் சொடுக்குங்கள். நல்ல பின்னூட்டம் எழுதுகிறவர் தன் வீட்டில் மோசமாக எழுதியிருப்பது அபூர்வம்.

அப்புறம் தொடர்பதிவு. ஒருவர் ஒரு தலைப்பில் எழுதிவிட்டு, கடைசியில் நாலைந்து பேரைப் பெயரும் சுட்டியும் (இணைப்பும்) கொடுத்து 'நீங்களும் எழுதுங்கள்' என்று அழைப்பார், அவர்கள் எழுதி இன்னும் நாலைந்து பேரை அழைப்பார்கள். ஒரு காலத்தில் 32 கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தொடர் ஒன்று பதிவுலகம் முழுக்கச் சுற்றியது. உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று ஆரம்பித்து, கையெழுத்து பிடிக்குமா, கடைசியாக அழுதது எப்போது என்றெல்லாம் போகும், நடுவில் யார் யாரை அழைக்கப் போகிறீர்கள், ஏன் என்றும் ஒரு கேள்வி உண்டு. 'கடைசியாக அழுதது எப்பொழுது' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரே கேள்விக்கு வீட்டம்மாவும், துபாயில் இருக்கும் பொறியாளரும், கவிதை எழுதுகிறவரும் சொன்ன பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், யார் எழுத்து நமக்கு ஒட்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிலிலும் அடுத்தவர் வீட்டுக்குச் சுட்டி வேறு இருக்கிறது.

திரட்டிகள் காலத்து மிச்சங்களும் உதவும். 2004இல் வந்த தமிழ்மணம்தான் அந்தக் காலத்துப் பதிவர்களுக்கு முற்றம், யார் புதிதாக எழுதினாலும் அங்கே தெரியும். அதைப் போன்ற திரட்டிகள் பலவும் இன்று ஓய்ந்துவிட்டன. ஆனால் வாரம் ஒருவரை 'நட்சத்திரம்' ஆக்கும் வழக்கம் அங்கே இருந்தது, நட்சத்திரமானவர் அந்த ஒரு வாரம் தினமும் மெனக்கெட்டு எழுதுவார், ஆகவே 'தமிழ்மணம் நட்சத்திரப் பதிவு' என்று தேடினால் ஒவ்வொருவரின் நல்ல எழுத்தாகப் பார்த்து வந்து விழும். அடுத்தது வலைச்சரம். வாரத்துக்கு ஒரு பதிவர் ஆசிரியராக உட்கார்ந்து மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்த வலைப்பூ அது. சமையல், பயணம், கல்வெட்டு, குழந்தை வளர்ப்பு என்று வகை பிரித்துச் சுட்டி கொடுத்திருப்பார்கள். புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதைத் தள்ளிவிட்டுச் சுட்டிகளை மட்டும் பாருங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இதே வேலைக்கு ஆகும், அங்கே இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்களில் நிறைய வலைப்பூக்களிலிருந்து தொகுத்தவை, முன்பக்கங்களில் எழுதியவரின் வலைப்பூ முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிப் போகும்போது பாதிச் சுட்டிகள் செத்திருக்கும். உடனே விட்டுவிட வேண்டாம். முகவரி பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று முடிகிறதா? அதில் 'இன்'னை அழித்து 'காம்' என்று மாற்றுங்கள், அநேகமாகத் திறந்துவிடும். 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களைக் கூகுள் அந்த 'இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது, எல்லோரும் அதையே நகலெடுத்துச் சுட்டி கொடுத்தார்கள், கடைசியில் 2020இல் அந்த டொமைன் கூகுள் கையை விட்டே போய்விட்டது. வலைப்பூ அங்கேயேதான் இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. சொந்தமாக டொமைன் வாங்கிப் பின்னால் பணம் கட்டாமல் விட்டவர்களின் கதை வேறு, அந்த முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் உட்கார்ந்திருக்கும். அதற்கு, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான் கதி. பழைய முகவரியை அங்கே ஒட்டி, நாள்காட்டியில் 2009, 2010 என்று பழைய ஆண்டாகத் தேர்ந்தெடுங்கள். திறந்த பக்கம் தமிழாக இல்லாமல் கிறுக்கலாகத் தெரிந்தால் அது, இன்று எல்லோரும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, பாமினி மாதிரியான எழுத்துருவாக இருக்கலாம். நகலெடுத்துப் பொங்குதமிழ் மாற்றியில் போடுங்கள். இவை யூனிகோடில் அடிக்கும் தேடலில் சிக்கவே சிக்காது, சுட்டி வழியாக வந்தால்தான் உண்டு.

கிடைத்ததைக் கையில் வைத்துக்கொள்ள ஓடை வாசிப்பான் ஒன்று கட்டாயம், வலைப்பூக்களின் ஓடைகளை (ஃபீட்) சேர்த்துவிட்டால் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து காட்டும் செயலி அது. 2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடியபோது இந்தப் பழக்கமே போய்விட்டது, எல்லோரும் முகநூலில் யாராவது பகிர்ந்தால் படிப்போம் என்று உட்கார்ந்துவிட்டோம். ஓடைகள் எங்கேயும் போகவில்லை. ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் இணையத்திலேயே இயங்கும், ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர், எதுவானாலும் இலவசமாகத் தொடங்கலாம். வலைப்பூவின் முகப்பு முகவரியை ஒட்டினால் போதும், ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் முகவரிகளுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்துப் பாருங்கள். ஓரத்தில் 'மின்னஞ்சலில் பெற' என்று ஒரு பழைய பெட்டி இருந்தால் நம்பாதீர்கள், பெரும்பாலும் அது ஃபீட்பர்னர் பெட்டி, அந்த மின்னஞ்சல் சேவை 2021இலேயே நின்றுவிட்டது.

உறங்கும் வலைப்பூக்களையும் ஓடையில் சேருங்கள் என்பது என் கட்சி. எழுதாத ஓடை எந்தத் தொல்லையும் தராது, திடீரென்று ஒருநாள் ஆறு வருஷம் கழித்து 'மக்களே, இருக்கீங்களா?' என்று ஒரு பதிவு வந்து விழும். தினம் பத்து பதிவு போடுகிறவர்தான் ஆபத்து, அவரைத் தனி அடைவில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மாதம் ஒன்று எழுதுகிறவர் அடியில் புதைந்துபோவார். ஒருவரைச் சேர்க்கலாமா என்று சந்தேகம் வந்தால், பரபரப்பாக ஓடிய பதிவை விட்டுவிட்டு, யாருமே பின்னூட்டம் போடாத பதிவு ஒன்றைத் திறந்து படியுங்கள். கூட்டம் இல்லாதபோதும் ஒருவர் அக்கறையாக எழுதியிருந்தால் சேர்த்துவிடலாம்.

ஆங்கிலத்திலும் வாசிப்பவர்களுக்கு வசதி இன்னும் அதிகம். ஸ்வீடனிலிருந்து ஒருவர் நடத்தும் மார்ஜினேலியா என்ற தேடுபொறி, விளம்பரமும் ஆரவாரமும் இல்லாத எழுத்துப் பக்கங்களையே முன்னால் காட்டும். ஊ டைரக்டரி என்பது 2022இல் பிரிட்டனில் ஒருவர் தொடங்கிய அடைவு, வலைப்பூக்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, கடைசியாக எப்போது எழுதினார்கள் என்பதையும் காட்டுகிறது. காகி என்ற தேடுபொறியின் ஸ்மால் வெப் பக்கத்தைத் திறந்தால் அண்மையில் எழுதப்பட்ட ஏதோ ஒரு தனிமனிதப் பதிவு வரும், பிடிக்காவிட்டால் அடுத்தது. தமிழுக்கு இவை உதவா.

ஒருவரை ரொம்பப் பிடித்துவிட்டால் அவர் பதிவில் பின்னூட்டம் போடுங்கள், பழைய பதிவானாலும் பரவாயில்லை. பலருக்கும் அது மின்னஞ்சலில் போய்ச் சேரும்படிதான் அமைப்பு இருக்கும். மட்டுறுத்தல் (பதிவர் பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு) இருந்தால் உங்கள் பின்னூட்டம் உடனே தெரியாது, மறுபடி மறுபடி போடாதீர்கள். 'அருமை' என்று எழுதாமல், பதிவில் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, இப்போது எங்கே எழுதுகிறீர்கள், யாரையெல்லாம் வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் அதில் இரண்டு மூன்று பெயராவது இருக்கும், பெரும்பாலும் எந்தத் தேடலிலும் வராத பெயர்கள்.