ஆஸ்டரிஸ்க் சர்வரைப் பலருக்கும் போதுமானதாக விரிவாக்கும் முறை

ஆஸ்டரிஸ்க் என்ற இணையத் தொலைபேசி சர்வரைப் பெரிதாக்க முற்படும்போது, பயனர்களின் எண்ணிக்கையைவிட, ஒரே சமயத்தில் நடக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையையே முதலில் கணக்கிட வேண்டும். ஆயிரம் பேர் நெரிசலான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் வெளியாருடன் பேசினால், அது 50 எர்லாங் சுமை; அதாவது சராசரியாக ஒரே சமயத்தில் 50 அழைப்புகள். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, நூற்றில் ஓர் அழைப்பு இடமின்றித் திரும்பலாம் என ஏற்றுக்கொண்டால், 64 லைன்கள் போதும்.

சர்வரைத் திணறடிப்பது பெரும்பாலும் குரல்தான். குரலைத் தரவாக மாற்றும் முறைகளில் (கோடெக்) ஒன்றான ஜி.711இல், 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வீதம், ஒரு திசைக்கு வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் ஓடும். இரு முனைகளின் குரலும் சர்வர் வழியாகவே சென்றால், 500 அழைப்புகளுக்கு வினாடிக்கு 50,000 பாக்கெட்டுகள் உள்ளே வந்து அதே அளவு வெளியேறும். 100 மெகாபிட் இணைப்பு ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆகவே, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும், பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தேவையில்லாத போன்களுக்கு டைரக்ட் மீடியாவை அனுமதித்து, குரல் சர்வரைத் தொடாமல் போனுக்குப் போன் நேரடியாகச் செல்ல வழிவிடுங்கள். எல்லாப் போன்களுக்கும், வெளித் தொலைபேசி நிறுவனத்துடனான இணைப்பான டிரங்குக்கும் ஒரே கோடெக்கை வையுங்கள்; கோடெக் மாற்றம் சிபியுவை வெகுவாகத் தின்னும்.

அடுத்து லினக்ஸின் வரம்புகள். நான் கவனித்த ஒரு சர்வரில் சிபியு பாதிகூட நிரம்பாத நிலையில் புதிய அழைப்புகள் விழத் தொடங்கின. லாகில் (சர்வரின் நிகழ்வுக் குறிப்பில்) 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. லினக்ஸ் நெட்வொர்க் இணைப்புகளையும் ஃபைல்களாகவே கணக்கிடும்; ஒரு புரோகிராம் திறக்கக்கூடிய ஃபைல்களின் வழக்கமான வரம்பு 1024 மட்டுமே. அதை உயர்த்தியாக வேண்டும். குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகளும் (நெட்வொர்க் வாசல் எண்கள்), அழைப்புக்கு நான்கு வீதம், சுமார் 2,500 அழைப்புகளோடு தீர்ந்துவிடும்.

ஒரு சர்வர் போதாதபோது முன்னால் அழைப்புக் கோரிக்கைகளை வழிநடத்தும் கமைலியோ மென்பொருளை நிறுத்தி, போன்கள் தம் இருப்பைத் தெரிவிக்கும் பதிவுகளை அதனிடம் ஒப்படையுங்கள். பத்தாயிரம் போன்கள் நிமிடத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பித்தால் வினாடிக்கு 167 கோரிக்கைகள் வரும்; மின்வெட்டு முடிந்து எல்லாப் போன்களும் ஒன்றாக உயிர்பெறும் கணத்தில் இது பன்மடங்காகும். கமைலியோவின் டிஸ்பேச்சர் என்ற பகுதி, ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய அடையாளமான கால்-ஐடியைக் கொண்டு அழைப்புகளைப் பின்னாலுள்ள ஆஸ்டரிஸ்க் சர்வர்களுக்குப் பிரித்தளிக்கும். ஆனால் கான்ஃபரன்ஸ் அறைகளுக்கு இம்முறை பொருந்தாது: ஒரே அறைக்கு வருவோர் வெவ்வேறு சர்வர்களில் இறங்கி, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போகும். அவற்றுக்கு மட்டும், அழைக்கப்படும் எண்ணை வைத்துப் பிரியுங்கள்.

நேரலைக்கு விடும் முன், சோதனை அழைப்புகளை உருவாக்கும் சிப்பி (SIPp) கருவியால் அழைப்புகளைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். சோதனையில் உண்மையான குரலும் ஓட வேண்டும். குரல் உடையத் தொடங்கும் அழைப்பு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, ஒரே சமய அழைப்புகளுக்கு வரம்பிடும் ஆஸ்டரிஸ்கின் மேக்ஸ்கால்ஸ் அமைப்பை அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.