மியூசிக் அப்ரிசியேஷன் பாடத்தை நம்ம ஊர்க் காதோடு எடுப்பது எப்படி

அமெரிக்காவில் இளங்கலை படிக்கிற பிள்ளைகள், நர்ஸிங்கோ அக்கவுண்டிங்கோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, பட்டம் வாங்குவதற்குள் கலை சார்ந்த பாடம் ஒன்றாவது எடுத்தாக வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகளில் விதி உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப நிறையப் பேர் எடுப்பது மியூசிக் அப்ரிசியேஷன். வழக்கமாக மூன்று கிரெடிட். பாடத் தெரிய வேண்டாம், வாசிக்கத் தெரிய வேண்டாம், நோட்டேஷன் படிக்கவும் தெரிய வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும் என்பார்கள். அந்தக் கேட்பதில்தான் வேலையே இருக்கிறது.

நான் நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் டியூட்டரிங் சென்டரில் இந்தப் பாடத்துக்கு உதவி செய்கிறவள். கும்பகோணத்தில் வர்ணம் வரை பாட்டு கற்றுக்கொண்டு, கல்யாணமாகி இங்கே வந்து, மேற்கத்திய இசையை இங்கேதான் படித்தேன். தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் சொல்வது, “ஆண்ட்டி, நான் சின்ன வயசிலேருந்து பாட்டு கிளாஸ் போறேன், இது எனக்கு ஈஸிதான்.” முதல் லிஸ்னிங் டெஸ்டில் மதிப்பெண் குறைந்து வந்து நிற்பதும் பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். பாட்டே கற்காத பிள்ளைகள் பயந்துகொண்டு குறிப்பு எடுக்கிறார்கள். இவர்கள் தெரிந்த காதோடு கேட்கிறார்கள், அது வேறு விஷயத்தைத் தேடுகிறது.

என்ன தேடுகிறது? நம் கச்சேரியில் தம்புரா தொடக்கத்திலிருந்து மங்களம் வரை ஒரே ஸாவை, அதாவது ஆதார ஸ்வரத்தை, பிடித்துக்கொண்டிருக்கும். ராகம் மாறலாம், தாளம் மாறலாம், ஸா அசையாது. அதனால் நாம் மேலே ஓடுகிற ஒற்றை வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதில் கமகம் எங்கே, சங்கதி எங்கே என்று பார்க்கிறோம். இந்தப் பாடத்தில் வருகிற பெரும்பாலான இசையில் ஸாவே இடம் பெயரும். வீட்டை விட்டுப் போய், அலைந்து, திரும்பி வருவதுதான் அங்கே கதை. அதைக் கேட்காதவர்களுக்கு பீத்தோவன் ஒரே சத்தமாகத்தான் இருக்கும்.

அதனால் நான் எல்லோரையும் உட்கார வைத்து முதலில் கேட்கச் சொல்வது பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனி, முதல் மூவ்மென்ட், அதாவது அதன் முதல் பகுதி. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் நடுங்கிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் முதன்முறை வாசிக்கப்பட்டது. ஏழெட்டு நிமிடம்தான் ஓடும். பாதிப் பாடத்தை இதிலேயே நடத்திவிடலாம்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். மூன்று குட்டை, ஒரு நெட்டை என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த நாலு ஸ்வரமும் அடியின் மேல் விழுவதில்லை. அடி மௌனமாக விழுகிறது, அரை இடம் தள்ளித்தான் எடுப்பு. பாட்டு கற்றவர்களுக்கு இது கையிலேயே தெரியும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைக்கப் பேராசிரியர் போர்டில் படம் போட வேண்டியிருக்கிறது. நமக்கு லாபம் வருகிற இடங்களும் உண்டு.

மூன்றாம் தடவைதான் முக்கியம். தொடங்கிச் சில நொடிகளிலேயே இந்த மூவ்மென்டின் ஸாவைப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இழுத்துக்கொண்டே இருங்கள். அது ஸி மைனர். நம் கணக்கில் நடபைரவி, கீரவாணி என்ற இரண்டு ராகங்களுக்கும் நடுவே போய்வருகிற ஸ்வரங்கள். முக்கால் நிமிடம் போல ஆனதும் ஹார்ன் என்கிற பித்தளை ஊதுவாத்தியம் மட்டும் தனியாக எழுந்து அதே நாலு ஸ்வரத்தை நீட்டிக் கூப்பிடும். அதன் பிறகு வயலினில் ஒரு சாந்தமான மெட்டு வரும். அந்த இடத்தில் உங்கள் ‘ம்’ ஒட்டாது. நீங்கள் அபஸ்வரம் பாடவில்லை, ஸா நகர்ந்துவிட்டது. எங்கே போயிருக்கிறது என்று தேடினால், பழைய சாதாரண காந்தாரம் புது ஸா ஆகியிருக்கும். நடபைரவியின் காந்தாரத்தை ஸாவாக வைத்தால் சங்கராபரணம் வரும் என்று படித்திருப்பீர்களே, அதேதான். நம் வித்வான்கள் கிரக பேதம் என்று ராகத்தின் நடுவில் செய்து காட்டி, தம்புராவை நம்பிப் பழைய ஸாவுக்கே வந்துவிடுவார்கள். இங்கே தம்புரா இல்லை. அதனால் புது ஸாவிலேயே குடியேறி நிதானமாக உட்கார்ந்துவிட முடிகிறது. அந்தச் சாந்தமான மெட்டுக்கு அடியில் செல்லோவும் டபுள் பேஸும் பழைய நாலு ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பதையும் கவனியுங்கள். அதைக் கேட்டுவிட்டால் கீழ் வரியைக் கேட்கும் பழக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த இரண்டு மெட்டும் வந்து முடிகிற பகுதிக்கு எக்ஸ்பொசிஷன் என்று பெயர். ஒன்றரை நிமிடம் போல வரும். பிறகு முழுவதும் இன்னொரு தடவை வரும் (பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றில் இந்தத் திருப்பத்தை விட்டிருப்பார்கள், அதனால் நிமிடக் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள்). அடுத்தது டெவலப்மென்ட். ஸா ஓரிடத்தில் நிற்காது, உங்கள் ‘ம்’ எங்கேயும் ஒட்டாது. நாலு ஸ்வரம் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், குழல் வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் ஒற்றை ஒற்றைக் கார்டாக (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) மாறி மாறிச் சொல்லிக்கொண்டே சத்தம் அடங்கும். பிறகு மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் பழைய இடத்தில் வெடிக்கும். அங்கே ‘ம்’ மறுபடியும் ஒட்டும். அதுதான் ரீகாபிட்யுலேஷன். சற்று நேரத்தில் எல்லோரும் நிற்க, ஓபோ என்கிற குழல் வாத்தியம் மட்டும் தனியாக ஒரு பிடி வாசிக்கும். முதலில் இல்லாத இந்த அலைச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம் ஆலாபனையின் ஒரு துண்டு தெரியாமல் அங்கே விழுந்துவிட்ட மாதிரி. பிறகு ஹார்ன் கூப்பிட்ட அந்த அழைப்பு வரும். இந்தத் தடவை பஸூன் என்கிற கனத்த குழல் கூப்பிடும், சாந்தமான மெட்டு அதே பழைய ஸாவிலேயே, ஆனால் மேஜரில் வரும். ஸா வீட்டுக்கு வந்துவிட்டது, ராகம் மட்டும் சங்கராபரணம் ஆகியிருக்கிறது. அதோடு நிம்மதியாக முடிப்பாரா என்றால், இல்லை. கோடா என்கிற வால் பகுதியை நீட்டி மறுபடியும் மைனருக்கே இழுத்துக்கொண்டு போய் முடிப்பார்.

தேர்வில் சொனாட்டா ஃபார்ம் என்று கேட்பது இதைத்தான். விளக்கப் படத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, பாட்டு ஓடும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கும். ‘ம்’ போட்டுக் கேட்ட பிள்ளை சொல்லிவிடும். இதைப் பஸ்ஸில் செய்ய வேண்டாம். சுருதி ஆப்பையும் இதற்குப் போட வேண்டாம், அது ஓயாமல் ஒலித்து உங்கள் காதையே மறைத்துவிடும்.

அடுத்துப் பழக வேண்டியது, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வரியைக் கேட்பது. பாடப்புத்தகத்தில் டெக்ஸ்சர் என்ற அத்தியாயம். இதற்கு பாக் எழுதிய ‘லிட்டில்’ ஃபியூக், ஜி மைனரில், ஆர்கனுக்கு. நாலு நிமிடம்தான். ஒரு மெட்டு தனியாக மேலே தொடங்கும். அது முடிகிற இடத்தில் கொஞ்சம் கீழே இன்னொருவர் அதே மெட்டைப் பிடிப்பார், முதல் ஆள் நிறுத்தாமல் வேறு ஏதோ வாசித்துக்கொண்டே போவார். பிறகு மூன்றாமவர் இன்னும் கீழே, கடைசியில் காலால் மிதிக்கிற பெடலில் நான்காமவர். நாலு பேரையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் தடவை அந்த மெட்டு உள்ளே வருகிற நேரங்களுக்கு மட்டும் விரல் நீட்டுங்கள். மறுதடவை பெடலை மட்டும் கேளுங்கள். வயலின்காரர் பாடகரைப் பின்தொடர்வதையே கேட்டு வளர்ந்த காதுக்கு, இரண்டாமவர் முதலாமவருக்குக் கட்டுப்படாமல் தன் வழியில் போவதுதான் முதலில் உறுத்தும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரோக் என்றால் 1600 முதல் 1750 வரை. ஹார்ப்சிகார்ட் என்கிற பழைய கீபோர்டு வாத்தியத்தின் ‘கிணிங் கிணிங்’ காதில் பட்டால் முதலில் அந்தக் காலத்தைச் சந்தேகியுங்கள். 1725-ல் அச்சான விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். அதில் ரிட்டோர்னெல்லோ என்பது நம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும், ஆனால் வெட்டுப்பட்டும், சில சமயம் வேறு ஸாவிலும் வரும். கிளாசிகல் காலத்துக்கு ஹைடனின் 94-ஆவது சிம்பனி, 1792-ல் லண்டனில் அரங்கேறியது. இரண்டாம் மூவ்மென்டில் குழந்தைப் பாட்டு போல ஒரு மெட்டு, திரும்ப வரும்போது இன்னும் சன்னமான சத்தத்தில், உடனே ஒரு பெரிய அடி. தேர்வில் அந்த அடி வருகிற இடத்தைப் போடவே மாட்டார்கள், பின்னால் அதே மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கிற வேரியேஷனைத்தான் போடுவார்கள். ரொமான்டிக் காலத்துக்கு ஷூபர்ட் 18 வயதில், 1815-ல், கதேயின் கவிதைக்கு எழுதிய ‘எர்ல்கோனிக்’. கதை சொல்பவன், அப்பா, பிள்ளை, பேய் ராஜா என்று நாலு பேரையும் ஒரே பாடகர் பாடுவார், பியானோ குதிரையாக ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை ஒவ்வொரு தடவை அலறும்போதும் ஸ்தாயி ஏறும். குதிரை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், ஜெர்மன் தெரியாமலே முடிவு புரிந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’. 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியபோது சபையில் கூச்சல் கிளம்பியது பிரசித்தம். மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இதை மட்டும் விடாமல் கேட்கிறார்கள். தந்தி வாத்தியங்கள் ஒரே கார்டை இடித்துக்கொண்டே இருக்க, அழுத்தம் எதிர்பாராத இடங்களில் விழும். தாளம் போட்டுப் பாருங்கள், கை எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

லிஸ்னிங் டெஸ்டில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓட விட்டு, யார் எழுதியது, என்ன பெயர், எந்தக் காலம், என்ன வடிவம் என்று கேட்பார்கள். தொடக்கத்திலிருந்து ஓட விடுவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் வீட்டில் பிளேலிஸ்டைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் தொட்டுக் கேளுங்கள். பெயர் வராவிட்டாலும் கேட்டதை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: என்ன வாத்தியம், மைனரா மேஜரா, எத்தனை அடித் தாளம், ஒரு வரியா பல வரியா. இவ்வளவு தெரிந்தால் காலம் தானே வரும். காலம் வந்தால் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்தான் மிஞ்சும். நாள் முழுக்கப் பின்னணியில் ஓட விடுவது படிப்பு ஆகாது. சமைத்துக்கொண்டே கேட்டதை யாரும் தேர்வில் அடையாளம் சொல்லி நான் பார்த்ததில்லை.

கான்சர்ட் ரிப்போர்ட் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். நேரில் ஒரு கச்சேரிக்குப் போய், நிகழ்ச்சி நிரலையும் டிக்கெட்டையும் இணைத்து இரண்டு மூன்று பக்கம் எழுத வேண்டும். காசு செலவழிக்க வேண்டாம். இசைத்துறை மாணவர்களின் ரெசைட்டல்கள், அதாவது சின்னக் கச்சேரிகள், பல கல்லூரிகளில் இலவசம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கோயில் விழாக் கச்சேரியை எழுதலாமா என்று கேட்கிற பிள்ளைகள் முன்கூட்டியே பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், சிலர் மேற்கத்திய இசைதான் வேண்டும் என்பார்கள்.

உள்ளே போனால் நம் சபா பழக்கங்களை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். தொடையில் சத்தமாகத் தாளம் கூடாது. நல்ல இடம் வந்தால் ‘ப்ச்’, ‘பலே’ கூடாது. மூவ்மென்டுக்கு நடுவே கைதட்டக் கூடாது. நிரலில் நாலு மூவ்மென்ட் போட்டிருந்தால் நாலாவது முடிந்து, கண்டக்டர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பும் வரை காத்திருங்கள். எனக்கு இன்னும் இது பழகவில்லை, ஒரு நல்ல ஸோலோவுக்கு ஒரு தலையாட்டல் கூட இல்லாமல் உட்கார்வது ஏதோ மரியாதைக் குறைவாகத்தான் தோன்றுகிறது. ஜாஸ் கச்சேரிக்குப் போனால் இந்தச் சட்டம் கிடையாது. ஒவ்வொருவர் ஸோலோவுக்கும் தட்டலாம், தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுகிற மாதிரி.

இருட்டில் எழுதாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். ஒவ்வொரு மூவ்மென்டுக்கும் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, இடைவேளையில் குறித்துக்கொள்ளுங்கள். “இரண்டாம் மூவ்மென்ட் மிகவும் இனிமையாக இருந்தது” என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. “இரண்டாம் மூவ்மென்ட் மெதுவாக, செல்லோவில் தொடங்கியது, வயலின் அதே மெட்டை எடுத்தபோது பியானோ கார்டு மட்டும் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது, நடுவில் மைனருக்குப் போய்ச் சத்தம் கூடி, மறுபடியும் மேஜருக்கு வந்து அடங்கியது” என்று எழுதினால், நான்கு அத்தியாயங்கள் படித்திருக்கிறீர்கள் என்று பேராசிரியருக்குத் தெரிந்துவிடும். கடைசிப் பத்தியில் இசைக்கு மொழியில்லை என்று எழுதி முடிக்கிற வழக்கம் ஏனோ எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு மூவ்மென்டைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்.