டர்போ தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தம்பி பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். "அண்ணா, 450 எச்பி வரைக்கும் தாங்குமாம், விலையும் படிஞ்சு வந்துச்சு" என்று திறந்து காட்டினான். டர்போவில் இன்ஜின் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அதே அச்சில் உள்ள கம்ப்ரசர் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். அந்தச் சக்கரத்தின் உறையான டர்பைன் ஹவுசிங்கில் 0.82 என்று பொறித்திருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு நானும் அதே எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன். அவனுடையதும் 1.8 லிட்டர் இன்ஜின், என்னுடையதும் அதுவே. அவனிடம் அன்று பேசியதைத்தான் எழுதுகிறேன். ஆயில் மாற்றுவது, கிளாம்ப் இறுக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உச்ச எச்பியைப் பார்த்து வாங்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்த ஒன்றுதான். எனக்கு விற்றவர் "பெருசா போட்டுட்டா பின்னாடி கவலையே இல்ல" என்றார், நம்பினேன். டர்போ, அதற்கேற்ற மேனிஃபோல்டு, டவுன்பைப், டியூனிங் என்று இரண்டு லட்சத்துக்கு மேல் போனது.

முதல் ஞாயிறு காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றினேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டாவது கியரில், 2,300 ஆர்பிஎம்மில் வெளியே வருகிறேன், ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) மீட்டர் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது. 4,500 தாண்டினால்தான் அது எழும், ஆனால் அதற்குள் அடுத்த வளைவின் கறுப்பு வெள்ளைக் கட்டை கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், பிரேக்கில் கால் வைத்தாக வேண்டும். மேலே போய்ச் சேரும் வரை முழு பூஸ்ட்டை நான் பார்க்கவே இல்லை. பழைய சின்ன டர்போவோடு அந்த மலையில் கார் இதைவிட வேகமாக ஏறியது.

விளம்பரத்தில் போடும் எச்பி, அந்தக் கம்ப்ரசர் அதிகபட்சம் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதற்கான கணக்கு. உங்கள் இன்ஜின் அவ்வளவு காற்றைக் குடிக்குமா என்பது வேறு கேள்வி. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்கு ஏறத்தாழ 10 எச்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர் இன்ஜின் 1 பார் பூஸ்ட்டில், 6,500 ஆர்பிஎம்மில் இழுப்பது சுமார் 24 பவுண்டு, அதாவது 240 எச்பி அளவு. அதே பூஸ்ட் 2,500-இல் வேண்டுமென்றால் 9 பவுண்டுதான் ஓடும். 45 பவுண்டு தள்ளும் கம்ப்ரசரின் மேப்பில், அதாவது எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்று காட்டும் வரைபடத்தில், அந்த 9 சர்ஜ் கோட்டுக்கு (குறைந்தபட்சக் காற்றோட்ட எல்லை) இடது பக்கம் போய் விழும். அங்கே காற்று முன்னும் பின்னும் அலைபாயும், புறா இறக்கை அடிப்பது போலப் படபடவென்று சத்தம் வரும், அச்சைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்கும்.

அப்புறம் அந்த 0.82. அது ஹவுசிங்கின் ஏ/ஆர். ஏ/ஆர் என்பது டர்பைன் ஹவுசிங் வழியின் குறுக்குப் பரப்பை, நடுவிலிருந்து அந்த வழி இருக்கும் தூரத்தால் வகுத்த கணக்கு. தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா, அதுபோல ஏ/ஆர் சின்னதாக இருந்தால் புகை வேகமாக வந்து சக்கரத்தை அடிக்கும், பூஸ்ட் சீக்கிரம் எழும். அதற்கான விலையை உயர்ந்த ஆர்பிஎம்மில் கொடுக்க வேண்டும், அங்கே புகை வெளியேற இடமில்லாமல் இன்ஜின் மூச்சு முட்டும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஆர்பிஎம்மை மேலேயே வைத்து ஓட்டுபவருக்கும் குப்பனூர் வழியாக மலை ஏறுபவருக்கும் ஒரே ஹவுசிங் பொருந்தாது. எனவே முதலில் எங்கே ஓட்டுகிறீர்கள், எந்த ஆர்பிஎம்மில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிறகு 3,000, 4,500, 6,500 மூன்றுக்கும் காற்றோட்டத்தைக் கணக்குப் போட்டு கம்ப்ரசர் மேப்பில் புள்ளி வையுங்கள். மூன்றும் கோடுகளுக்குள் விழும் டர்போவை மட்டும் விலை கேளுங்கள்.

மலையை மறந்து கணக்குப் போடுவது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். கீழே காற்றழுத்தம் 0.98 பார் என்றால் மேலே 0.85-க்குப் பக்கம். சாதாரண ஸ்பிரிங் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) வெளிக்காற்றை ஒப்பிட்டுத்தான் திறக்கும், அதனால் இரண்டு இடத்திலும் 1 பார் பூஸ்ட்டே காட்டும். ஆனால் அழுத்த விகிதம், அதாவது கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் அழுத்தத்தை உள்ளே போகும் அழுத்தத்தால் வகுத்தது, கீழே 2.02, மேலே 2.18. அதே 1 பாருக்காக டர்போ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, காற்றும் கூடுதலாகச் சூடாகிறது. என் கதையைக் கேட்டுப் பயந்து மிகச் சின்னதாக வாங்கினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். புள்ளிகளை இரண்டு உயரத்துக்கும் வையுங்கள். அந்தத் தம்பி போன வாரம் தன் கணக்கை அனுப்பினான், 0.64 ஹவுசிங்கோடு ஒரு அளவு சின்னது அவனுக்கு இரண்டு இடத்திலும் பொருந்துகிறது.

இன்டர்கூலரைக் கடைசியில் பார்ப்பது

சேலத்து ஏப்ரல் மாத 40 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது 135 டிகிரிக்கு மேல் வெளியே வரும். அதைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் ஒரே நாளில் பட்ஜெட் போடுங்கள்.

91 ஆக்டேன் பெட்ரோலில் பூஸ்ட் ஏற்றுவது

செய்யாதீர்கள். நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வந்து பிஸ்டன் போகும்.

சத்தத்துக்காக ப்ளோ-ஆஃப் வால்வு

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அழுத்தக் காற்றை வெளியே விடும் வால்வு இது. சத்தத்துக்காகத் தேவையில்லை. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் அளந்த காற்றை வெளியே விட்டால் காற்று-பெட்ரோல் கலவை கெடும்.

ஆயில் திரும்பும் குழாய்

டர்போவிலிருந்து ஆயில் இன்ஜின் அடியிலுள்ள சம்ப்புக்குத் தானாக வழிந்துதான் இறங்குகிறது, அதைத் தள்ள அழுத்தம் கிடையாது. குழாய் அகலமாக, நேராகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பால் பேரிங் டர்போ என்றால் உள்ளே வரும் லைனில் தயாரிப்பாளர் சொன்ன அளவில், ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டரும் வேண்டும், பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை. ஒரு நண்பர் காரில் நீலப் புகை வந்தது, சீல் போய்விட்டது என்று டர்போவையே கழற்றப் போனார்கள். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் ஒரு இடத்தில் மேல்நோக்கி வளைந்து, ஆயில் அங்கே தேங்கி நின்றது. அதை நேராக்கியதும் இரண்டு நாளில் புகை நின்றுவிட்டது.