துணிகர முதலீட்டு நிறுவனத்தின் பார்ட்னரை விசாரிப்பது எப்படி

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு பூ நெல் விளைவிக்கும் குடும்பங்களுக்குக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுத்தாக வேண்டியது குத்தகை. விளைந்ததில் பங்கு தருவது வாரம். வங்கிக் கடன் முதல் வகை. புது நிறுவனத்தில் பணம் போட்டு அதற்கு ஈடாக அதன் பங்கை வாங்கிக்கொள்ளும் துணிகர முதலீடு (வெஞ்சர் கேபிடல்) இரண்டாவது வகை. ஆண்டுதோறும் சீராக வளரும் கருப்பட்டி வியாபாரத்துக்கோ பத்தமடைப் பாய் வியாபாரத்துக்கோ கடனே பொருந்தும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, துணிகர முதலீடு வாங்காமலே வளர்ந்த நிறுவனம். இதையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னும் முதலீடுதான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

துணிகர முதலீட்டு நிறுவனத்தில் முதலீட்டு முடிவெடுக்கும் மூத்தவரே பார்ட்னர். அவர் தரும் பணத்தில் பெரும்பகுதி அவருடையதன்று; பல முதலீட்டாளர்களிடம் திரட்டிய ஃபண்ட் என்னும் கூட்டு நிதியிலிருந்து வருவது. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபியின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய ஃபண்டில் சேரும் முதலீட்டாளர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். ஃபண்டை நடத்துவோர் தம் பங்காக மொத்தத் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையாவது போட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமும், இலாபத்தில் 20 சதவீதமும் அவர்களுக்குச் சேர்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பெரும்பாலான ஃபண்டுகளின் ஆயுள் 10 ஆண்டுகளை ஒட்டியது. அதற்குள் பங்குகளை விற்றுப் பணத்தைத் திருப்பியாக வேண்டும். ஆகவே, முதல் சந்திப்பிலேயே இந்த ஃபண்ட் எந்த ஆண்டு தொடங்கியது, எங்கள் நிறுவனம் அடுத்த முறை முதலீடு திரட்டும்போது போட எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஏழாம் ஆண்டில் இருக்கும் ஃபண்ட், நீங்கள் காலூன்றும் முன்பே விற்கச் சொல்லக்கூடும்.

முதலில் உங்களை அழைப்பவர் பெரும்பாலும் பார்ட்னருக்குக் கீழே வேலை பார்க்கும் அசோசியேட்தான். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பாளையங்கோட்டையில் எனக்கு வேண்டிய இரு இளைஞர்கள் ஓர் அசோசியேட்டுக்கு எட்டு மாதம் கணக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த நிறுவனத்தின் பார்ட்னர் ஒருவர்கூட அவர்களுடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை என்று பின்னர் தெரிந்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. உங்களுக்காக முதலீட்டுக் குழுவில் வாதாடப்போகும் பார்ட்னர் யார், நாளை உங்கள் போர்டில் (இயக்குநர் குழுவில்) உட்காரப்போகிறவர் யார் என்பதை இரண்டாம் சந்திப்புக்குள் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் தெரிந்ததும் விசாரணையைத் தொடங்குங்கள். அவர் கொடுக்கும் தொலைபேசி எண்கள் நல்லதையே சொல்லும். எனவே அவர் முதலீடு செய்து மூடப்பட்ட நிறுவனங்களை நீங்களே தேடிக் கண்டுபிடித்து, அவற்றைத் தொடங்கியவர்களிடம் பேசுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் பெயர்களைப் பார்க்கலாம். சம்பளம் போட முடியாத மாதத்தில் அவர் போனை எடுத்தாரா என்ற ஒரு கேள்வி போதும். பதில் வருவதற்கு முன் வரும் மௌனமே பாதி சொல்லிவிடும்.

முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளை எழுதித் தரும் தாளான டேர்ம் ஷீட்டில், நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளர் முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமைத் தொகை பற்றிய பிரிவை ஆடிட்டரோடு அமர்ந்து எண்களைப் போட்டுப் படியுங்கள். 20 சதவீதப் பங்குக்கு 5 கோடி வாங்கிய நிறுவனம் 8 கோடிக்கு விலைபோவதாக வைத்துக்கொள்வோம். போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு மீதியிலும் பங்கு பெறும் உரிமை முதலீட்டாளருக்கு இருந்தால், 5 கோடியும் மிச்சமுள்ள 3 கோடியில் 60 லட்சமும் அவருக்குப் போகும். 80 சதவீதம் வைத்திருக்கும் உங்கள் தரப்புக்கு 2 கோடியே 40 லட்சம்தான். களத்திலேயே விதைநெல்லைக் கழித்துவிட்டுப் பிறகு வாரம் அளக்கும் கணக்கு இது. போட்ட தொகை அல்லது தம் பங்கு, இரண்டில் ஒன்றை மட்டுமே எடுக்கலாம் என்று மாற்றி எழுதக் கேளுங்கள். அது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் நிபந்தனைதான்.

கையெழுத்திட்ட பின் சில வாரங்களுக்கு வேறு முதலீட்டாளரிடம் பேசக்கூடாது என்ற பிரிவும் அந்தத் தாளில் வழக்கமாக இருக்கும். ஆகையால் மேற்சொன்ன விசாரணை அத்தனையையும் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.