முதல் சர்ஃப் பலகையை வீட்டில் செதுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சர்ஃப் பலகை செதுக்க ஆசைப்படுகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திருக்கடலூர், மூதூர், கிண்ணியா என்று எந்தக் கரையில் இறங்கினாலும் பைபர் படகு திருத்தத் தெரிந்த ஒருவராவது இருப்பார். ரெசின் என்ற பிசினைக் கலப்பதும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை ஒட்டுவதும் அவருக்குக் கை பழகிய வேலை. கேட்டால் சொல்லியும் தருவார். ஆனால் முதல் பலகைகள் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். படகு வேலையில் முழுக்கச் சரியான சில பழக்கங்கள் பலகையில் பெரும் பிழையாகிவிடும். படகு என்பது இயந்திரத்தையும் வலையையும் சுமந்து, மணலில் இழுபட்டு, வருடக்கணக்கில் உழைக்க வேண்டியது. பலகையோ ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டிய நாலைந்து கிலோப் பொருள். இந்த வித்தியாசம் எங்கெங்கே குறுக்கிடுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. அறுகம் குடாவுக்குப் போய் வருகிறவர்கள் அங்கே தேர்ந்தவர்கள் ஓட்டும் ஆறடிப் பலகையைப் பார்த்துவிட்டு அதையே செதுக்க நினைக்கிறார்கள். அது நீண்ட, ஒழுங்கான அலைக்கும் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கும் உரியது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் அலையோ காற்றில் குழம்பி, கரைக்குக் கிட்டத்தில் உடைவது. இப்படிப்பட்ட கடலுக்கு மிதப்பு அதிகமான பலகைதான் வேண்டும். 7 அடி 6 அங்குல நீளம், 22 அங்குலத்தை ஒட்டிய அகலம், 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பு. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல அளவு இல்லை என்பது என் எண்ணம். செதுக்கும் வேலைக்கும் இதுதான் சுலபம். தடித்த பலகையில் 2 மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டால் கடலில் அது தெரியாது. மெல்லிய பலகையில் தெரியும்.

அடுத்தது ஃபோம், அதாவது செதுக்கிய பிறகு துணியும் ரெசினும் சுற்றப்போகும் உட்பகுதி. அமெரிக்காவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் 1950களின் கடைசியில் பொலியூரித்தேன் ஃபோமில் பலகை செய்யும் முறையைச் சீராக்கினார்கள். கிளார்க்கின் தொழிற்சாலை 2005 டிசம்பரில் திடீரென மூடப்பட்ட பிறகு, பலகை செதுக்குகிறவர்கள் பலர் வேறு பொருள் தேடினார்கள். அப்போது அதிகம் பரவியதுதான் ஈபிஎஸ் ஃபோமும் எபொக்சி ரெசினும் சேர்ந்த முறை. ஈபிஎஸ் என்றால் வேறொன்றுமில்லை, நாம் ரெஜிபோம் என்று சொல்வதுதான். ஆகவே வெளிநாட்டிலிருந்து பிளாங்க், அதாவது செதுக்குவதற்கென்றே வார்த்த ஃபோம் கட்டி, வரவழைக்க முடியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், ரெஜிபோமிலும் நல்ல பலகை வரும். ஆனால் எந்த ரெஜிபோம் என்பது முக்கியம்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் ரகம் ஒரு கன மீட்டருக்கு 16 கிலோ அளவில்தான் இருக்கும். அதில் செய்த பலகையின் மேல்பக்கம் முழங்கால் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். உடைந்தால் மணிகளுக்கு இடையில் நீரும் வேகமாக இறங்கும். பலகைக்கு 24 முதல் 32 கிலோ அடர்த்தி வேண்டும். கடையில் கேட்டால் சரியான பதில் கிடைக்காமல் போகலாம், தராசைக் கேளுங்கள். 8 அடி நீளம், 2 அடி அகலம், 6 அங்குலத் தடிப்புள்ள கட்டி 3½ கிலோ நிறுத்தால் அது மெல்லிய ரகம். 5½ கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் எடுங்கள்.

ஏன் 6 அங்குலத் தடிப்பு? இங்கேதான் இன்னொரு பிழை. 3 அங்குலத் தாளை வாங்கி, வெளிக்கோடு வரைந்து வெட்டிவிட்டால் பலகை ஆகிவிடும் என்று நினைப்பது. பலகையைப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவை ரொக்கர் என்பார்கள். மேலே சொன்ன அளவுக்கு மூக்கில் 4½ அங்குலமும் வாலில் 2½ அங்குலமும் போதும். தட்டையான தாளில் இந்த வளைவுக்கு இடமே கிடையாது. ரொக்கர் இல்லாத பலகை அலையில் இறங்கிய உடனேயே மூக்கை நீருக்குள் குத்தும். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு சூட்டுக் கம்பியால் அறுக்கலாம் என்றால், கம்பி பசைக் கோட்டில் வந்து சிக்கி நிற்கும். அதனால் ஒற்றைக் கட்டியாகவே கேட்டு வாங்குங்கள். ரொக்கரின் அச்சைப் பிளைவுட்டில் இரண்டு பிரதி வெட்டி, கட்டியின் இரு பக்கமும் பொருத்தி, கம்பியை அதன்மேல் இழுத்தால் வளைவு ஒரே மாதிரி வரும். சூட்டுக் கம்பி ரெஜிபோமுக்கு மட்டும்தான். பொலியூரித்தேனைச் சூட்டால் அறுத்தால் வரும் புகை கொடிய நஞ்சு. ரெஜிபோமையும் காற்றோட்டமான இடத்தில் வைத்தே அறுக்க வேண்டும்.

அறுத்த பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஸ்ட்ரிங்கராக, அதாவது பலகையின் முதுகெலும்பாக, ஒட்டுங்கள். செருப்புக்கும் போமிக்காவுக்கும் பூசும் பசையைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும். எபொக்சி நல்லது.

சரி, படகுப் பழக்கம் அதிகம் கெடுக்கும் இடத்துக்கு வருவோம். படகுக்கு ஊற்றுவது பொலியஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. ரெஜிபோம் ஆனதும் ஸ்டைரீனிலிருந்துதான். எனவே படகு ரெசினை ரெஜிபோமின் மேல் ஊற்றினால் ஃபோம் கண் முன்னாலேயே உருகிக் குழியாகும். வாரக்கணக்கில் செதுக்கியது சில நிமிடங்களில் போய்விடும். ரெஜிபோமுக்கு எபொக்சி மட்டுமே. பொலியூரித்தேன் ஃபோமுக்கு இரண்டும் ஒத்துப்போகும். எந்த ரெசினாக இருந்தாலும், எவர் சொன்னாலும், வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் ஒரு கரண்டி ஊற்றி ஒரு நாள் பார்த்த பிறகே பலகையில் கை வையுங்கள்.

மேட்டும் அப்படித்தான். படகுக்கு ஒட்டும் நறுக்கு இழை மேட் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். மொத்தம் ஒன்றரை கிலோ. பலகைக்கு உரிய 6 அவுன்ஸ் நெய்த துணி சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் இருக்கும், ஏறக்குறைய அதே அளவு ரெசின்தான் எடுக்கும். ஒரு படைக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால் மேலும் கீழும் சுற்றும்போது கிலோக்கணக்கில் ஏறும். போதாததற்கு, மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்யப்பட்டது. எபொக்சியில் அது சரியாகக் கரையாது, மேட் வளைவில் படியாமல் விறைத்து நிற்கும். அடிப்பக்கத்துக்கு 6 அவுன்ஸ் துணி ஒரு படை, மேல்பக்கத்துக்கு இரண்டு படை. முதல் பலகைக்கு இது போதும்.

செதுக்குவதைப் பற்றி. வெளிக்கோட்டுக்கு முழு அச்சு வெட்டாதீர்கள், பாதி அச்சுப் போதும். ஸ்ட்ரிங்கரோடு பொருத்தி ஒரு பக்கம் வரைந்து, அதையே புரட்டி மறுபக்கம் வரைந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். வாளைக் கோட்டின் மேல் ஓட்டாமல் கால் அங்குலம் வெளியே ஓட்டி, மிச்சத்தை மரக்கட்டையில் சுற்றிய சாண்ட் பேப்பரால் கோடு வரை கொண்டுவாருங்கள். வாள் சாய்ந்தால் மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாகப் பலகை கோணும்.

வெளிச்சத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்வேன். கூரையில் எரியும் டியூப் லைட்டின் கீழே எல்லாப் பலகையும் வழுவழுப்பாகத்தான் தெரியும். பலகை இருக்கும் உயரத்திலேயே, இரண்டு பக்கச் சுவரிலும் நீளமாக ஒவ்வொரு விளக்கு வையுங்கள். மற்ற வெளிச்சத்தை அணையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்போது மேடு ஒவ்வொன்றும் நிழல் போடும். பகலில் முற்றத்தில் வைத்துச் செதுக்கினால் வெயிலின் கூச்சத்தில் அரை அங்குலப் பள்ளம்கூடக் கண்ணில் படாது. பின்னேரம் விளக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஓரங்களை, அதாவது ரெயிலை, ஒரே மூச்சில் கையால் உருட்ட முயல்வது பலரும் செய்யும் பிழை. கோடு போட்டு, மூக்கிலிருந்து வால் வரை சீவுளியை நிறுத்தாமல் ஓட்டி, ஒரு சரிவு வெட்டுங்கள். அதன் விளிம்பில் இன்னொரு சரிவு, பிறகு இன்னொன்று. கடைசியில்தான் உருட்ட வேண்டும். அடி ஓரம் வாலை ஒட்டிய ஓர் அடி, ஒன்றரை அடிக்குக் கூராக இருக்கட்டும், அங்கேதான் நீர் பலகையை விட்டுப் பிரிய வேண்டும். முன்பக்கம் முழுக்க மென்மையாக விடுங்கள்.

வாங்கிய பொலியூரித்தேன் பிளாங்க் என்றால் மேல்பக்கத்தை அதிகம் சீவ வேண்டாம். அதன் தோலை ஒட்டித்தான் ஃபோம் இறுக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக மென்மையாகிவிடும். தடிப்பைக் குறைக்க வேண்டுமானால் அடிப்பக்கத்தில் சீவுங்கள்.

அப்புறம், நிறுத்தத் தெரியாமை. இடது பக்கம் கொஞ்சம் தடிப்பு என்று தேய்ப்பது, பிறகு வலது பக்கம் தடிப்பாகத் தெரிகிறது என்று அதைத் தேய்ப்பது. இப்படியே போனால் 3 அங்குலப் பலகை 2½ ஆகிவிடும். அளவெடுங்கள். வித்தியாசம் 2, 3 மில்லிமீட்டருக்குள் என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

ரெசின் வேலையில் நம் ஊர் வெப்பத்தை மறந்தால் எல்லாம் பாழ். ரெசின் புத்தகங்களில் எழுதியிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 20, 25 பாகை வெப்பத்துக்கானவை. கச்சான் வீசும் மாதங்களில் நமக்கு நண்பகலில் 35ஐ எட்டிவிடும். வெப்பம் 10 பாகை ஏறினால் ரெசின் கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். பொலியஸ்டருக்கு ஹார்ட்னரை, அதாவது ரெசினை இறுக வைக்கும் திரவத்தை, 1 சதவீதத்துக்குக் குறைக்கலாம், அதாவது ஒரு லீட்டருக்கு 10 மில்லிலீட்டர். அதற்கும் கீழே போனால் முழுதாக இறுகாமலே நின்றுவிடலாம். எபொக்சியில் இந்த வேலையே கூடாது. டப்பாவில் எழுதிய விகிதம் எதுவோ அதுதான். கூட்டினாலும் குறைத்தாலும் அது பிசுபிசுப்பாகவே கிடக்கும். அந்த விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் வாசியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. சிறிது சிறிதாகக் கலந்து, உடனே பலகையில் பரப்பிவிடுங்கள். கோப்பையில் தேங்கி நிற்கும் ரெசின் தன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும்.

எந்த நேரத்தில் துணி ஒட்டுவது? காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத ரெசினுக்குள் குமிழியாக வெளியே வரும். பொழுது சாய்ந்து, வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு ஒட்டுங்கள். அப்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். கச்சான் காற்று மணலையும் கொண்டுவரும். திறந்த கொட்டிலில் ஒட்டினால் மேல்பக்கம் முழுக்க மணல்தான். மழைக்காலத்து ஈரத்திலோ எபொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியலாம். அடுத்த படைக்கு முன் அதைத் தண்ணீரால் துடைத்து, தேய்த்துவிட வேண்டும்.

துணியில் ரெசின் மிதக்கக் கூடாது. ஸ்குவீஜி என்ற வழிப்புத் தகட்டால் தள்ளி, நெசவு தெரியும் அளவுக்கு எடுத்துவிடுங்கள். வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு வறட்டவும் வேண்டாம், அங்கே துணி ரெசின் குடிக்கவில்லை. நெசவை நிரப்ப இன்னொரு பூச்சு பிறகு வரும். அந்தப் பூச்சைத் தேய்க்கும்போது ஓரங்களில் இயந்திரத்தை அழுத்தினால் துணியே அறுந்துபோகும், ஓரங்களைக் கையால் தேயுங்கள்.

ஃபினுக்கு, அதாவது வாலின் அடியில் நிற்கும் துடுப்புக்கு, ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் 1980இல் கொண்டுவந்த மூன்று ஃபின் அமைப்பு அழகானதுதான். ஆனால் பக்க ஃபின்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பும் அளவும் சாயும் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் பலகை ஒரு பக்கமாகவே இழுக்கும். முதல் பலகைக்கு நடுவில் ஒரே ஒரு ஃபின் பெட்டி போதும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கரையில் பலர் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ரெசின் வேலை செய்வதைப் பார்க்கிறோம். துணி ஆவியைத் தடுக்காது. ரெசினுக்கு இரசாயன ஆவியை வடிக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், தூசிக்குக் குறைந்தது என்95. பொலியஸ்டரின் ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். அதை, ரெசினை விரைவாக இறுக்கச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெஜிபோம் மணிகளை வேலை முடிந்ததும் வாரி மூட்டையாகக் கட்டுங்கள். காற்றில் விட்டால் அவை போய்ச் சேருவது நாம் குளிக்கும் கடலில்தான்.

முடிந்த பலகையை ஒரு வாரமாவது நிழலில் வையுங்கள். கறுப்போ கடும் நீலமோ அடிக்காதீர்கள். மூடிய வான் வண்டிக்குள் வெயிலில் விட்டால் ரெஜிபோமுக்குள் காற்று விரிந்து துணியைப் பிரித்துவிடும். காற்று போக ஒரு சிறிய திருகு அடைப்பான் வைத்தால் நல்லது, கடலில் இறங்கும் முன் அதை இறுக்க வேண்டும்.

முதல் நாள் அலை தேடிப் போக வேண்டாம். பலகையைத் தராசில் நிறுத்து எழுதிவைத்துவிட்டு, உப்புவெளியில் கடல் அமைதியான ஒரு காலையில் படுத்துக் கையால் வலித்துப் பாருங்கள். கரைக்கு வந்து துடைத்து, காய்ந்த பிறகு மறுபடி நிறுங்கள். எடை ஏறியிருந்தால் எங்கோ நீர் புகுகிறது. ஃபின் பெட்டியைச் சுற்றியும் லீஷ், அதாவது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, கட்டும் குழியைச் சுற்றியும் முதலில் தேடுங்கள். வெடிப்புத் தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே சரித்து, முழுதாக உலர்ந்த பிறகே எபொக்சி வைத்து அடையுங்கள்.