பெரியம்மா ‘போதும்’ என்று சொன்னால்

என் பெரியம்மா சிட்னியில் ஒரு கத்தோலிக்க முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாழும் சிங்கப்பூரில், ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். “போதும்மா. இங்கே சட்டப்படியே மருந்து கொடுத்து அனுப்பிவைக்கிறார்களாம். கேட்கட்டுமா?”

மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்வதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். முப்பது ஆண்டு தாதியாக இருந்தவள் நான். இருந்தும், “அப்படிப் பேசுவதே பாவம், ஜெபமாலை சொல்லுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வாரமும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது.

யாராவது ‘போதும்’ என்றால், பதில் சொல்லாமல் கேளுங்கள். எதைத் தாங்க முடியவில்லை? வலியா, மூச்சா, பயமா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பா? நான் நேரில் போய் மூன்றாம் நாள்தான் பெரியம்மா வாயைத் திறந்தார். இருதயம் பலவீனமாகி, விடியற்காலை இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிறது. அழைப்புமணி கைக்கு எட்டவில்லை. குனிந்து பார்த்தேன். மணியின் கம்பி கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. ஊக்கு ஒன்றை எடுத்து அதைத் தலையணை உறையோடு சேர்த்துக் குத்தினேன். மருத்துவர் மூச்சுத்திணறலுக்காக மிகக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தார். முகத்துக்கு நேராகச் சிறிய மின்விசிறி ஒன்றை வைத்தோம். அன்றிரவு ஐந்து மணி நேரம் தூங்கினார்.

எல்லோருடைய ‘போதும்’ இப்படித் தீர்ந்துவிடாது. அதனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நோயாளி தானே கேட்டு இப்படி உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் 28 நவம்பர் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்பவருக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இருக்க வேண்டும்; நரம்புச் சிதைவு நோயென்றால் பன்னிரண்டு மாதம். கடைசிவரை சுயமாக முடிவெடுக்கும் தெளிவும் வேண்டும். பிள்ளைகள் அவருக்காகக் கேட்க முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்துக் கேட்கவும் முடியாது.

கத்தோலிக்க இல்லங்கள் இதில் பங்கெடுப்பதில்லை. அந்த மருந்தைத் தருவதுமில்லை. ஆனால் கேட்டவரைக் கைவிடுவதும் அவர்கள் கொள்கையன்று. குளிப்பாட்டுவது, வலியைத் தணிப்பது, அருகில் உட்காருவது எல்லாம் தொடரும். அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குத் தகவல் கிடைப்பதை இல்லம் தடுக்கக்கூடாது, வெளி மருத்துவர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறுபடும். இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: “இப்படி ஒருவர் கேட்டால் இங்கே என்ன நடக்கும்? இரவில் யார் வருவார்கள்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?” குடும்பத்தாரையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மகள் எதிரில் நிற்கும்போது எந்தத் தாய் ‘பாரமாக இருக்கிறேன்’ என்று சொல்வாள்?

நம் மக்கள் அதிகம் குழம்புவது திருச்சபையின் போதனையில்தான். உயிரை வேண்டுமென்றே முடிப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனால் குழாயும் இயந்திரமுமாக எதையும் செய்து இழுத்துக்கொண்டே போகவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. பலனுக்கு மிஞ்சிய துன்பம் தரும் சிகிச்சையை மறுக்கலாம். வலியைத் தணிப்பதற்கென்றே தரும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் தரலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957இலேயே சொல்லிவிட்டார். மார்ஃபின் என்றதும் ‘கருணைக்கொலை’ என்று பதறும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அருட்தந்தை நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலுக்கும் கடைசி மணிவரை காத்திருக்க வேண்டாம். பெரியம்மா தெளிவாக இருந்தபோதே அருட்தந்தையை அழைத்தோம். அவரே ‘ஆமென்’ சொன்னார்.

சிங்கப்பூரில் இப்படி இறக்க உதவுவது குற்றம். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிரம்பிய, மனத்தெளிவுள்ள எவரும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் கையெழுத்திடலாம். நோய் தீராத நிலைக்கு வந்து மரணம் நெருங்கியபின், உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்பதே அதன் பொருள். சாட்சிகள் இருவர் வேண்டும், ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். உங்கள் இறப்பால் ஆதாயம் பெறுபவர் சாட்சியாக முடியாது. வலிதணிப்புப் பராமரிப்பை அது நிறுத்தாது. நான் கையெழுத்திட்டுவிட்டேன்.

ஊர் திரும்புமுன் ஓர் அட்டையில் நான்கு தமிழ்ச் சொற்களை, தாதிகள் வாசிக்கும்படி ஆங்கில எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன்: தண்ணீர், மூச்சு, வலி, உட்காருங்கள். இரவு வேலைக்கு வந்த பிலிப்பினோ தாதி முதலில் கற்றுக்கொண்ட சொல் நான்காவது.